நாலாவது வீடும் பன்னிரண்டு டப்பாவும்

எனக்கு அவள் தங்கை முறை, பெரியம்மா மகள். இரண்டு பெண் பிள்ளைகள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. மூலையோடு மூலை சேர்த்து அவள் மடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. அவளுக்கு ‘வீடு மாற்றி’ என்று பட்டப்பெயர் வைத்தது அவள் புருஷன்தான். பூட்டு ரிப்பேர்காரர், வாய்த்துடுக்கு அதிகம். ஆறு வருஷத்தில் மூன்று முறை வீடு மாறினால் வேறென்ன பெயர் வரும்?

காரணம் அவள் தம்பி. லாரி ஓட்டுகிறவன், நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். வருஷத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டில் வந்து தங்குவான். வந்த மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் தேறிவிடுவான். மற்ற நாளெல்லாம் லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிறவன்!

“என் வீடு அவனுக்கு ஆகலை” என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். முதல் வீட்டில் சுவரில் ஈரம் என்றாள். இரண்டாவதில் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவதில் கீழ்வீட்டுப் பெயின்ட் வாசனை. தம்பிக்கு அவளை விட்டால் போக்கிடம் ஏது? மாறினாள். இரும்பு பீரோவைத் தூக்கியது புருஷன்.

நாலாவது வீடு மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் வெயில் கட்டில் வரை வரும். வீட்டுக்காரி கீழே தையல் கடை வைத்திருந்தாள். அந்த வீட்டின் மேல் இவளுக்கு உயிர்.

தம்பி வந்தான். அவன் வந்தால் ஒரே சமையல்தான்: ஃபாவா பீன்ஸ். மொச்சை போல இருக்கும், மொச்சை அல்ல. அதைவிடப் பெரிது, டப்பாவில் வரும். அவனுக்குப் பிடிக்கும் என்று வாங்கி அடுக்கி வைப்பாள். வீடு மாறும்போதெல்லாம் அதையும் மறக்காமல் கட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலை, கண் மஞ்சள். நேரே கீழே போய், “மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்க்கா” என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டு வந்தாள்.

“இந்தத் தடவை பீரோவோட நானும் இங்கேயே இருந்துக்கறேன்” என்றார் புருஷன்.

அன்றைக்குப் பார்த்துத் தம்பி படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் ஏற்றினார்கள். பரிசோதித்த டாக்டரம்மா கேட்டார்: “குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?”

“எங்க தாய்மாமனுக்கு. மாமியார் வீட்டு விருந்துக்குப் போய் மஞ்சளாயிட்டார். அந்த வீடு ஆகலைன்னு அப்புறம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கலை.”

“இவர் மூணு நாளா என்ன சாப்பிட்டார்?”

“ஃபாவா பீன்ஸ். மூணு வேளையும்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வீடு ஒண்ணும் பண்ணலைம்மா. சிவப்பணுவைக் காக்கிற ஒரு பொருள் இவருக்குப் பிறவியிலேயே குறைச்சல். அம்மா வழியா வந்தது. சும்மா இருந்தா அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த பீன்ஸ் உள்ளே போனா அணு உடையுது. சில மாத்திரையும் ஆகாது, கேட்டுத்தான் போடணும்.”

“அதே சட்டியிலதானே நானும் சாப்பிட்டேன்? கல்லு மாதிரி இருக்கேனே!”

“அந்தப் பொருளைத் தர்ற மரபணு ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ரெண்டு. ஒண்ணு பழுதானாலும் மத்தது பெரும்பாலும் தாங்கிடும். நீங்களும் உங்க ரெண்டு பொண்ணுங்களும் எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க.”

புருஷன் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் மூணு தடவை பீரோ தூக்கினது?”

“பீன்ஸையும் நீங்கதானே அத்தான் தூக்கினீங்க” என்றான் கட்டிலில் கிடந்தவன்.

சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு வீட்டு நினைப்பு வந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். தையல்காரி ‘வாடகைக்கு’ என்று எழுதி, அட்டையில் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள்.

“காலையில போறேன்னே, இப்ப இருக்கேங்கறே. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க என் வீடென்ன ரவிக்கையாடி?” என்று திட்டினாலும் அட்டையைத் திருப்பிப்போட்டு அதன் மேலேயே துணி வெட்டினாள்.

அவளைச் சமாதானப்படுத்த, மீதமிருந்த பன்னிரண்டு டப்பாவையும் கொண்டுபோனாள் என் தங்கை. ஆனால் உடனே கொடுக்கவில்லை. தையல்காரியின் அம்மா, அம்மாவைப் பெற்றவள், தாய்மாமன்மார் நாலு பேர், அவள் பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் கண் மஞ்சளான கதை உண்டா என்று ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டுத்தான் பையைக் கீழே வைத்தாள்.