சுந்தரி படித்துக் காட்டிய எலிக் கதை

கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில் உள்ள கோரமண்டலில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய இரண்டு லைன் வீடுகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகளுக்குக் கதை நேரம். மற்ற நாட்களில் வைக்க முடியாது. பெற்றோரில் பாதிப் பேர் விடியும் முன்பே பெங்களூர் ரயிலில் ஏறிவிடுவார்கள்.

கதை சொல்பவர் சுந்தரி. அவர் பிறந்த வீடு சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளி வீடு. புகுந்த வீட்டுக்கு ராபர்ட்சன்பேட்டையில் வளையல் கடை. கடைக்கு வருகிறவர்கள் எந்த பாஷையில் வாயைத் திறந்தாலும் அதே பாஷையில் பதில் சொல்லிப் பழகியவர். வளையலைக் கண்டால் அலறுகிற குழந்தையிடம் ஏதோ ஒரு கதையை ஆரம்பிப்பார். குழந்தை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே வளையல் கையில் ஏறியிருக்கும். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினம் ஒருநாள் பேத்தியோடு கடைக்குப் போய் இதைப் பார்த்தார். அங்கேயே கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கடை லேட்டாதான தெறக்கறீங்க? எங்க பசங்களுக்கு வந்து கதை சொல்லும்மா."

சுந்தரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கதை சொல்பவர்களுக்காகக் கோலாரில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்கும் போய் வந்தார். படக்கதைப் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும்; படிக்கும்போது எழுத்துகளின் கீழே விரலை ஓட்ட வேண்டும்; அப்போதுதான் பேசுவது படம் இல்லை, அந்தக் கறுப்புக் கோடுகள்தான் என்று குழந்தைக்குப் புரியும்; ஒரு புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் வார்த்தை மாறக் கூடாது. அங்கே சொன்ன எல்லாவற்றையும் சுந்தரி அப்படியே பிடித்துக்கொண்டார்.

முதலில் இருந்தவை தமிழ்ப் புத்தகங்கள். பிள்ளைகள் கையில் அவை கிழிந்து நைந்துபோன சமயத்தில், யாரோ ஒரு பெட்டி நிறையக் கன்னடப் படக்கதைகளை நன்கொடையாக அனுப்பினார்கள். பிள்ளைகள் நாளைக்குப் படிக்கப் போவதும் கன்னடம்தானே என்று எல்லோருக்கும் சந்தோஷம். சுந்தரி மட்டும் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அவர் படித்ததெல்லாம் தமிழ் மீடியம். கன்னடம் பேசினால் கோலார்க்காரர்கள்கூட வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவ்வளவு நன்றாகப் பேசுகிறவருக்குப் படிக்க வருமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாருக்காவது போய்விடும் என்று பயம்.

அதனால் படத்தைப் பார்த்துக் கதை கட்டினார். கன்னடத்தில் ஒரு வரி, உடனே தமிழில் அதே வரி. பயிற்சியில் சொன்னபடி வார்த்தை மாறாமல் இருக்க வீட்டில் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வார். விரலும் பயிற்சியில் சொன்னபடியே எழுத்துகளின் கீழே ஓடியது. அங்கேதான் வினை.

ஒரு புத்தகத்தில் எலிக்குட்டி ஒன்று வரும். இருட்டான வளை, மேலேயிருந்து கயிற்றில் இறங்கும் ஒரு கூடை, அடியில் மஞ்சளாக, உருண்டையாக ஒன்று. சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவருக்கு இந்தப் படத்தைப் பார்த்து வேறு கதையா தோன்றும்? அப்பா எலி நைட் ஷிப்டுக்குப் போகிறது. டிபன் பாக்ஸை மறந்துவிடுகிறது. எலிக்குட்டி அதை எடுத்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் ஏறி, ஒவ்வொரு லெவலாகக் கீழே இறங்குகிறது. கடைசி லெவலில் அப்பாவின் தலை லாம்ப் மஞ்சளாக எரிகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கதை உயிர். கேஜ் இறங்கும்போது எல்லோரும் உட்கார்ந்தபடியே குனிந்து தரையில் தலை முட்டுவார்கள்.

நான்கு வயது சாரா அந்தப் புத்தகத்தைத்தான் வீட்டுக்கு வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்துப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதை நேரத்துக்கு முன்பே அவள் அம்மா டீனா புத்தகமும் கையுமாக வந்துவிட்டார். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. கன்னட மீடியத்தில் படித்தவர். சுந்தரி பாயை உதறிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னாக்கா இது? எனக்குப் படிக்கவே தெரியாதாம். என் பொண்ணு சொல்றா."

"இன்னாம்மா ஆச்சி?"

"பந்து குழியில உழுந்துச்சின்னு படிக்கறேன். தப்பு தப்புன்னு கத்தறா. அணிலுங்க கூடையை எறக்குச்சிங்கன்னு படிச்சா, அது கூடை இல்ல கேஜுன்றா. எங்க வூட்டுக்காரர் வேற, 'இதுக்கா உன்னை டிகிரி வரைக்கும் படிக்க வெச்சாங்க'ன்னு சிரிக்கறாரு. நீங்க படிக்கற புக்கு வேறயாக்கா? மாத்தி குடுத்துட்டீங்களா?"

ஆமாம், மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும். டீனா நம்பியிருப்பார். சுந்தரி பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். நேராக இருந்ததையே மறுபடியும் இழுத்தார்.

"புக்கு அதாம்மா. எனக்குத்தான் கன்னடம் படிக்க வராது."

டீனாவுக்குப் புரியவில்லை. "வெளையாடாதீங்க. நீங்க பேசற கன்னடம் எனக்கே வராது."

"பேச வரும். எழுத்து தெர்ல. படத்தைப் பாத்து நானா சொல்றேன். இத்தனை நாளும் அப்படித்தான்." சுந்தரி ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். "கதை போனா போவுது. வெரலை வெச்சிக் காட்டினேனே, அதாம்மா. பந்துன்னு எழுதின எடத்துல வெரலை வெச்சி லாம்ப்புன்னு சொல்லிக் குடுத்துட்டேன். பசங்களுக்கு எழுத்தையே தப்பா ஏத்திட்டேனா?"

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் எழுந்து வந்தார். இத்தோடு முடிந்தது என்று சுந்தரி நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பெட்டியைப் பிரிச்சி, எது சின்னப் பசங்களுக்கு, எது பெரிய பசங்களுக்குன்னு அடுக்குனது யாரு தெரியுமா?" என்றார் அவர். "நான்தான். எப்படி அடுக்குனேன்? படத்தைப் பாத்து."

டீனா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அங்கிள், நீங்களுமா?"

"நான் மட்டும் எந்த மீடியம்? கன்னடத்துல கையெழுத்து போடுவேன். அதுக்கு மேல ஒண்ணியும் வராது. பஸ்ஸுல போர்டைப் படிக்க மாட்டேன், கண்டக்டரைக் கேட்டுதான் ஏறுவேன். இதுல உங்கள நான் இன்னா சொல்றது சுந்தரிம்மா? வர்ற வாரமும் நீங்கதான். ஆனா வெரலை எடுத்துடுங்க."

"பசங்களுக்குக் கெட்டுப் போயிருந்தா?" என்று சுந்தரி மறுபடியும் அதையே கேட்டார்.

டீனா புத்தகத்தைப் பிரித்தார். "கெட்டா? நான் அத்த சொல்லத்தான் வந்தேன், கோவத்துல வேற எங்கயோ போயிட்டேன். இங்க பாருங்கக்கா. நீங்க லாம்ப்புன்னு காட்டின எடம் இது, பந்துன்னு போட்டுகீது. இந்த எழுத்தை அவ நல்லாப் பாத்து வெச்சிகீறா. நேத்து மொதல் பக்கத்துல அதே எழுத்தைக் கண்டுபிடிச்சிட்டா. 'இங்கயும் லாம்ப்புன்னு போட்டுகீதே, படத்துல லாம்ப் எங்க?'ன்னு ஒரே அழுகை. நாலு வயசுல யாருக்கா எழுத்தை அப்படிப் பாக்கறாங்க? அவ அண்ணன் யூகேஜி முடிக்கற வரைக்கும் புக்கைத் தலைகீழாப் புடிச்சிக்கினு இருந்தான்."

சுந்தரி அந்தப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எழுத்து இரண்டிலும் இருந்தது. அவர் கண்ணுக்கே அது இப்போதுதான் பட்டது.

"நீங்க காட்டலன்னா அவ எழுத்தைப் பாத்திருக்கவே மாட்டா. தப்பு வார்த்தை ஒரு வாரத்துல மாறிடும். பாக்கற கண்ணு வந்துடுச்சில்ல?"

சுந்தரி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழமைன்னா எனக்கு ஒரு வாய் காப்பி எறங்காது" என்றார். முனிரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரிலிருந்த கடைக்குக் காபி சொல்லப் போனார்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சுந்தரி எலிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பசங்களா, எலி ஷிப்டுக்குப் போற கதை கீதே, அது நான் கட்டின கதை. புக்குல எழுதியிருக்கறது வேற கதை. அத்த இன்னைக்கி சாராவோட அம்மா படிப்பாங்க. நானும் கேட்டதில்ல."

கௌதம் என்ற பொடியன்தான் முதலில் பேசினான். "அப்ப ரெண்டு கதையா ஆன்ட்டி?"

"ரெண்டு."

"ஒரே புக்குக்கா?"

"ஒரே புக்குக்கு."

ஒரு மிட்டாய்க்கு இரண்டு கிடைத்த மாதிரி அவன் கையைத் தட்டினான். சாரா மட்டும் அம்மாவை முறைத்தாள். "மொதல்ல ஆன்ட்டி கதை."

முதலில் சுந்தரி சொன்னார், விரலை மடக்கி வைத்துக்கொண்டு. எல்லோரும் கேஜில் இறங்கித் தரையில் முட்டினார்கள். பிறகு டீனா படித்தார். பந்து உருண்டது, குழியில் விழுந்தது, அணில்கள் கூடையை இறக்கின. பந்து கிடைத்ததும் கௌதம், "லாம்ப்தான் சூப்பரு" என்று தீர்ப்பு சொன்னான்.

"டேய், நான் காலையில ட்ரெயினைப் புடிக்கற மாதிரி எழுந்து வந்து படிக்கறேன், எனக்கே இப்படியா?" என்றார் டீனா. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை சுந்தரி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலால் நகர்ந்து பிள்ளைகளுக்கு நடுவே வந்து, டீனா பிடித்திருந்த புத்தகத்தில் ஒரு எழுத்தைத் தொட்டார்.

"இது இன்னா எழுத்து?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். யார் சொன்னது சரி என்று சுந்தரிக்குத் தெரியாது. தெரியாமல் உட்கார்ந்திருப்பது அன்று அவருக்கு நன்றாக இருந்தது.