கொட்டிய தண்ணீர் போன பக்கம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகளுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் என் மனைவியும் பம்மலிலிருந்து முடிச்சூர் பக்கம் போனோம். எங்கள் வீடு மலையடி மேட்டில். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வாசலில் நிற்காமல் கீழே ஓடிவிடும். தாம்பரம் தாண்டியதும் ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போவதுபோல எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அடையாறு. கோடையில் புதர் மண்டிய வாய்க்காலாக, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. அதைத்தான் நான் நம்பவில்லை.

"மேட்டுப் பூமி சார் இது" என்றார் கூட வந்த தரகர்.

பக்கத்து வீடும் எதிர் வீடும் மண்ணடித்து உயர்த்திக் கட்டியவை. நடுவில் இந்த வீடு மட்டும் குழியில். உள்ளே சுவிட்சுகள் என் தலைக்கு மேலே இருந்தன. பிரிட்ஜ் சிமெண்ட் திண்டின்மேல் நின்றது. காலண்டரை இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தார்கள். குனிந்துதான் தேதி பார்க்க வேண்டும்.

வெள்ளம் வருமா என்று நேரே கேட்க எனக்கு வாய் வராது. குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கை தவறியதுபோல வாசலில் கொட்டினேன். அது தெருவுக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பியது.

மாப்பிள்ளையின் அம்மா துணி எடுத்து வந்து துடைத்தார். "வர்றவங்க எல்லாரும் இத்தையேதான் பண்றாங்கண்ணா. போன தபா வந்தவரு சொம்பையே கவுத்தாரு."

என் மனைவி என்னை முறைத்தாள். அந்த அம்மா காலண்டரைத் தூக்கிக் காட்டினார். சுவரில் பழுப்புக் கோடு.

"இம்மாந்தூரம் வந்துச்சு. அப்பால மேல ஒரு ரூம் கட்டிட்டோம். பொண்ணு மேலதான் இருக்கும்."

மறைக்காமல் காட்டினாரே என்றுதான் சம்மதித்தேன். கல்யாணமும் நடந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

நேற்று விடாத மழை. மகளுக்குப் போன் செய்தேன்.

"தெருவுல மட்டும்தான்ப்பா தண்ணி. நீ பேஜார் ஆவாத."

"சரிம்மா. இன்னிக்குத் தமிழ்த் தேதி இன்னா?"

"இருப்பா, மாடி ஏறிப் பாத்து சொல்றேன். காலண்டர் இப்ப மேல கீது."

காலண்டரே மாடி ஏறிவிட்டதா என்று போனை வைத்தேன். கிளம்பிப் போனேன். முழங்காலளவு தண்ணீரில் நடந்து, மகளையும் அவள் மாமியாரையும் கூட்டி வந்தேன். மாப்பிள்ளை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள மாடியிலேயே தங்கிவிட்டார். இப்போது மகளும் மாமியாரும் எங்கள் வீட்டு உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே இன்னும் பெய்கிறது. எங்கள் வாசலிலும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஐப்பசி இருபத்துமூன்று, ஞாயிற்றுக்கிழமை.