திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம்

காரைக்குடியில் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த வளாகத்தில் ஆண்கள் பிரிவு ஒரு பக்கம், பெண்கள் பிரிவு மறுபக்கம், நடுவில் பெரிய மைதானம். அப்போது வந்ததெல்லாம் பேசாத படங்கள்தான். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் ஒருவர் ஊருக்குள் செக்காலைப் பக்கம் வந்து இறங்கியிருப்பதைக் கேள்விப்பட்டு, ஆண் மாணவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். தாளாளரிடம் அனுமதி வாங்கி அவரை மைதானத்துக்கே கூட்டி வந்துவிட்டார்கள். அவருடைய திரை மழையில் கிழிந்திருந்தது. அதனால் பெண்கள் பிரிவில் எங்களிடம் வந்தார்கள். வேட்டிகளைச் சேர்த்து நானும் என் அறைத்தோழியும் புதுத் திரை தைத்துக் கொடுத்தோம்.

நான் அமராவதிபுதூர்த் தச்சர் வீட்டுப் பெண். அவள் சிவகங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம்; சிறு வயதிலேயே கணவனை இழந்தவள்.

படம் போடும் அன்று விடுதி அம்மா எங்களைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். பெண்களுக்கு அதுதான் இடமாம். துணியில் தண்ணீர் தெளித்திருந்ததால் படம் பின்பக்கமும் மங்கலாகத் தெரிந்தது. ராஜா இடது கையால் வாள் சுழற்றினான். எழுத்துகளெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தன. படம் ஓடும்போது கூடவே நின்று கதை சொல்கிறவரும் முன்பக்கம் பார்த்தே சொன்னார். அங்கே எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, எதற்குச் சிரித்தார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த படத்துக்கு நாள் குறித்ததும் குழுவின் செயலாளர் அதே துணியோடு வந்தார். எங்களைவிட மூத்த மாணவர்.

"ஓரம் பிரிஞ்சு போச்சு. கொஞ்சம் தைச்சுக் குடுங்க."

"தைக்கிறோம். ஆனா இந்தத் தடவ நாங்க முன்னாலதான் உக்காருவோம்" என்றாள் தோழி.

"அப்படி வழக்கமில்லயே."

"இதுவரைக்கும் ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கீக. அதுக்குள்ள என்ன வழக்கம்?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

படம் போடும் அன்று பொழுது சாயும் முன்பே பெண்கள் நாங்கள் போய்த் திரைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டோம். பயந்த சிலர் மட்டும் விடுதியிலேயே இருந்துகொண்டார்கள். தாளாளர் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது? பெரிய மனுசங்க வர்ற இடம். எந்திரிச்சு அங்குட்டுப் போங்க."

நான் சொன்னேன்: "அங்குட்டு இருந்தா எழுத்து வாசிக்க முடியல ஐயா. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கத்தான எங்களச் சேத்திருக்கீக?"

"ஊரு என்ன பேசும்?"

"ஊரு படம் பாக்கத்தான வந்திருக்கு" என்றாள் தோழி.

விடுதி அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. பின்னால் கூட்டம் கத்தத் தொடங்கியது. படம் காட்டுகிறவர் பொறுமையிழந்து, "எஞ்சின் சும்மா ஓடிக்கிட்டிருக்கு, போடவா வேணாமா?" என்று கேட்டார். தாளாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போடுப்பா."

திரையில் எழுத்து வந்த போதெல்லாம் நாங்கள் சேர்ந்து உரக்க வாசித்தோம். கதை சொல்கிறவர் சற்று நேரம் எங்களோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்.

மறுநாளே தாளாளர் எங்கள் இருவர் வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். தோழியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை அழைத்துப்போனார். அவள் அழவில்லை. "வந்துருவேன். என் இடத்த யாருக்கும் குடுத்துறாதீக" என்றாள். பொங்கல் முடிந்ததும் தனியாகப் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவேயில்லை.

என் அப்பாவும் வந்தார்.

"முன்னால உக்காந்தாத்தான் படிப்பு வருமா?"

"பின்னால உக்காந்தா வராதுப்பா."

அவர் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என்னை அழைக்காமலே ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த முறை மைதானத்தின் நடுவில் கயிறு கட்டினார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். எல்லாருமே திரைக்கு முன்னால்தான். குழுவில் எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்காவிட்டால் ஊசியைத் தொடமாட்டோம் என்றோம். சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே தகராறு. செயலாளர் பக்திப் படம் கேட்டார், நாங்கள் சண்டைப் படம் கேட்டோம். சண்டைப் படம்தான் வந்தது. விடுதி அம்மா தன் நாற்காலியை எங்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மறைக்கிறது என்று சொல்லி அதையும் ஓரமாக நகர்த்த வைத்தோம்.