துணைக்கு நின்னவ

பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரிய விட்டுக் கிளம்பின சமயம். எங்க வீட்டுக்காரரு போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. காமிராவோட கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாருன்னா லேசுல வெளிய வரமாட்டாரு. கேட்டா, படம் 'நத்துரேலா' வரணும்பாரு. ஆளு இயல்பா இருக்கணுமாம். பிரெஞ்சுப் பத்திரிகையில நாலு படத்தப் பாத்துட்டு வந்த ஞானம். வீட்ல ஒரு குடம் தண்ணி எடுத்து வைக்கத் துப்பில்ல, பேச்சுக்கு மட்டும் கொறைச்சலில்ல.

ஊர்ப் பொம்பளைங்க எங்க ஸ்டுடியோவத் தேடித்தான் வருவாங்க. அவரு தெறமைக்காக இல்ல, நான் உள்ள இருப்பேன்னு. கண்ணாடி நெகடிவ்ல அம்மைத் தழும்பு, கருவளையம் எல்லாத்தையும் பென்சிலால சரி பண்றது என் வேலை. வர்றவங்களுக்கு முந்தானையச் சரிபண்ணி, தலைமுடிய ஒதுக்கி விடறதும் நான்தான்.

அடுத்த தெரு முஸ்லிம் வீட்டுப் பொண்ணு ஒண்ணு. டீச்சர் ட்ரெயினிங் மனுவுக்கு போட்டோ வேணும்னு கேட்டுச்சு. அவங்க அத்தா சம்மதிக்கவே ஆறு மாசம் ஆச்சு. முக்காடு விலகாம ஒரே படம், அதுவும் நான் பக்கத்துல நிக்கணும்னு கண்டிஷன். "நான் இருக்கேன், தைரியமா அனுப்புங்க"ன்னு நானே வீடு தேடிப் போய்ச் சொன்னேன். பெரிய மனுஷி நான்.

படம் நல்லா வந்துச்சு, மனுவும் போயிடுச்சு. அப்புறம் ஒருநாள், பழைய வாடிக்கைக்காரங்க யாரோ காப்பி கேட்டாங்கன்னு நெகடிவ் தேடுறேன். படம் கழுவற மருந்து பாட்டிலுக்குப் பின்னால ஒரு பெட்டி. ஒவ்வொண்ணா எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். எல்லாம் பொம்பளைங்க. ஒருத்தி சரிஞ்ச முந்தானைய எடுக்கக் குனியறா, ஒருத்தி ரவிக்கைக் கையை இழுத்து விடறா. "ஆடாதீங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே படம் புடிக்கிற ரப்பர் பல்ப அமுக்கியிருக்காரு. மனுஷ ஜென்மமா இது? கடைசியா அந்தப் பொண்ணு. முக்காடு தோள்ல கிடக்கு, பல்லுல ஹேர்ப்பின்ன கடிச்சிக்கிட்டு, நான் சொன்ன ஏதோ பேச்சுக்கு என்னைப் பாத்துச் சிரிக்குது.

கேட்டேன். "போஸ் குடுத்தா பொணமாட்டம் இருக்காளுங்க. நான் யாருக்கும் காட்டலியே"ன்னாரு. காட்டாம வெச்சிப் பாக்கறதுதான் கேடுகெட்ட வேலைன்னு அந்த மண்டையில ஏறல. அத்தனையையும் அவரு கண்ணெதிர்லயே துவைக்கிற கல்லுல போட்டு உடைச்சேன். கண்ணாடிக்காக அழுதாரு, பாவி மனுஷன்.

அந்தப் பொண்ணோடத மட்டும் உடைக்கல. அதுங்கையாலயே உடைக்கட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அத்தா கண்ல பட்டா படிப்பு அதோட நின்னுடும். அந்த அத்தா கடைக்குப் போற நேரம் பாத்து, நெகடிவ்வப் பேப்பர்ல சுத்தி, கீரைக்கு அடியில வெச்சி எடுத்துக்கிட்டுப் போனேன். நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன்.

அழும்னு நெனச்சேன். அழல. பொட்டணத்தப் பிரிக்கவும் இல்ல.

"மத்ததெல்லாம் என்னிக்குக்கா உடைச்சீங்க?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"உங்கையால உடைப்பேன்னு…"

"இந்த நாலு நாளும் எடுத்து எடுத்துப் பாத்தீங்களா?"

பாத்தேன். எத்தனையோ மூஞ்சிங்களுக்குப் பென்சில் புடிச்சிருக்கேன், அப்பிடி ஒரு மொகத்த நான் கண்டதே இல்ல. அடுப்புல சோறு கொதிக்கும்போதுகூடப் போய் எடுத்துப் பாத்தேன்.