அத்தை கேட்டைத் திறந்து வைத்த நாள்

பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு ஒன்பது வயதாகிவிடும். நேற்றும் அப்படித்தான். யாரோ சாக்கடையோரம் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டு போனார். காய்கறிப் பையோடு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வாடைக்குக் கால் கிடையாது, ஆனால் என்ன ஓட்டம் ஓடுகிறது! திருப்பூரின் ஓரத்தில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த எங்கள் தொடக்கப் பள்ளியின் வாசலில் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை; எவ்வளவு தேய்த்தாலும் அவர் கைகளில் ஏதாவதொரு நிறம் மிச்சமிருக்கும். பள்ளித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டபோது, அப்பா பட்டறையில் சாய மருந்து தீர்ந்த நீல டிரம் ஒன்றை அலசி, சைக்கிளில் கட்டிவந்து பள்ளியில் இறக்கினார். எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. பட்டறையில் விஷம் சுமந்த டிரம், வீட்டு வாசலுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் சுமக்கும். யாரும் இரண்டாம் முறை யோசித்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிறார்களே, அதுபோல டிரம்மில் அப்பா பெயரை எழுத வேண்டும் என்று அத்தையை நச்சரித்தேன். "போய் உக்காந்து வாய்ப்பாடு படி" என்றார்.

அலசியது போதவில்லை. மறுநாள் இடைவேளையில் முதலில் குடித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்கள். எங்கள் வரிசை நகர்வதற்குள் அத்தை ஓடிவந்து டிரம்மின் மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். அதற்குள் பிளீச்சிங் போன்ற ஒரு வாடை எங்கள் வரிசை வரை வந்துவிட்டது. கவிழ்க்கப் போன பள்ளி ஆயாவின் கையைப் பிடித்தார்.

"கொட்டீராதீங்க. டாக்டரு பாக்கோணும்."

துணி மூட்டை ஏற்றிப்போன டெம்போ ஒன்றை வழிமறித்து, மூட்டைகளை இறக்கி, பிள்ளைகளை ஏற்றி, ஒரு டீச்சரையும் கூடவே அனுப்பினார். டெம்போ ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் சேதி கம்பெனிகளை எட்டிவிட்டது. ஓவர்லாக் தையல் மிசின்களுக்குள் 'வாந்தி' என்று நுழைந்தது, செக்கிங் மேசையைத் தாண்டும்போது 'புள்ளைக போயிருச்சு' என்று ஆகியிருந்தது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி தாய்மார்கள் ஓடிவந்தார்கள். தெருவே இரைந்துகொண்டு வந்தது.

"டீச்சர், கேட்டைப் பூட்டிப்போடட்டுங்களா?" ஆயா பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அகலமாத் தொறந்து வைங்க. பூட்டுனா உள்ள பொணம் கெடக்குதுன்னு நெனப்பாங்க."

எங்களையெல்லாம் மைதானத்தில் வகுப்பு வாரியாக, தெருவைப் பார்த்து நிற்க வைத்தார். பேச்சு அப்புறம், முதலில் முகம். தன் பிள்ளையின் முகத்தைக் கண்ட ஒவ்வொரு தாயும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் அம்மா மட்டும் வரிசை வரிசையாகத் தேடிவிட்டு அத்தையின் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்மவ எங்க? வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர்!"

அத்தை முந்தானையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரியில இருக்குது கண்ணு. பேசுது. இப்பத்தான் எதுத்த கம்பெனி போன்ல கேட்டேன். ஆட்டோ நிக்குது பாரு, ஏறு."

பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் இருவர் மொபெட்டில் வந்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியை நோக்கிக் கேமரா உயர்ந்தது. அத்தை நடுவில் போய் நின்றார். "என்னைய எடுத்துக்கங்க. புள்ளைகள வேண்டாமுங்க."

"வெளிய ஐஸ் விக்கிறாரே, அதைத் தின்னதாலயா மேடம்?"

கூட்டம் மொத்தமும் ஐஸ்காரரைத் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் வண்டியின் பிடியை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஒரு 'ஆமாங்க' போதும், அத்தை வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருக்கலாம்.

"இல்லீங்க. ஐஸ்ல ஒண்ணுமில்ல. சாயப்பட்டறை டிரம்முல தண்ணி வெச்சோம், மருந்து வாடை அடிக்குது. நான் மோந்து பாத்துட்டு வெச்சிருக்கோணும். பாக்கலை. தப்பு என்னோடதுங்க."

"என்ன மருந்துங்க?"

"தெரியாதுங்க. நாலு மணிக்கு இதே எடத்துல நிப்பேன். தெரிஞ்சாச் சொல்றேன். தெரியலீன்னா, தெரியலீன்னு சொல்றேன்."

லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் முன்னால் பாய்ந்தார். "ஆரு குடுத்த டிரம்மு அது? அவனக் கொண்டாந்து நிறுத்துங்க, கைய முறிச்சுப்போடறேன்!"

கூட்டத்தின் கடைசியில் அப்பா நின்றிருந்தார். தோள் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அதற்குள் சுருட்டி வைத்திருந்தார். இந்த வெயிலில் இவருக்கு எதற்குக் குளிர் என்று நினைத்தேன். பெயர் சொல்லும் நேரம் ஒருவழியாக வந்துவிட்டது. கையை உயர்த்தி வாயைத் திறந்தேன். அத்தையின் பார்வை என்மேல் விழுந்தது. வகுப்பில் யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

"விசாரணைக்கு வாரவங்ககிட்ட எல்லாஞ் சொல்லுவேன். கும்பல்ல வெச்சு ஆரு பேரும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குள்ள வந்த பொருளுக்கு நாந்தான் பொறுப்பு" என்றார். பிறகு லுங்கிக்காரரைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஊட்டுக்குப் போங்க சாமி. உங்க வாசல்லயும் இதே டிரம்மு நிக்கும். மூடியத் தொறந்து மோந்து பாருங்க."

அந்த மனிதர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருக்களில் டிரம்கள் கவிழும் சத்தம் கேட்டது. சாக்கடையெல்லாம் நல்ல தண்ணீர் ஓடியது.

நாலு மணிக்கு அத்தை அதே இடத்தில், அதே கசங்கிய முந்தானையோடு நின்றார். பிள்ளைகள் தேறிவிட்டார்கள், காலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார். என்ன மருந்து என்று மறுபடி கேட்டார்கள். "இன்னும் தெரியலீங்க" என்றார். அதன்பிறகு எத்தனையோ பெரிய மனிதர்கள் மைக்குகளுக்கு முன்னால் எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசிக் கேட்டுவிட்டேன். தெரியாது என்பதை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்ன ஒருவரை மறுபடி நான் பார்க்கவேயில்லை.

மறுநாள் பேப்பரில் அத்தையின் படமும் பெயரும் வந்தன. கீழே 'கவனக்குறைவு' என்ற சொல்லும் இருந்தது. எனக்கு அதன் பொருள் தெரியாது, பெயர் மட்டும் தெரிந்தது. அப்பா பெயரை வரி வரியாக விரல் வைத்துத் தேடினேன். இல்லை. டிரம் எங்கள் அப்பாவுடையது, பேர் மட்டும் இவருக்கா? இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. அப்பா தாமாகவே விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொன்னதும், பொறுப்பு என்னுடையதுதான் என்று அத்தை எழுதிக் கொடுத்ததும், நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அத்தையை வால்பாறைக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்பா பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். "அக்கா..." என்று தொடங்கினார். "விடு தம்பி" என்றார் அத்தை.

இதுதான் சமயம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "ஏனுங்கத்தை, டிரம்மு குடுத்தது எங்கப்பாதானுங்க. பேப்பர்ல உங்க பேரு மட்டும் வந்திருக்குது. அப்பா பேரையும் சொல்லியிருக்கலாமல்லங்க?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியாத சிரிப்பு. பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"மறந்துட்டேன் கண்ணு. அடுத்த தடவை உங்கப்பன் பேரையே மொதல்ல போடச் சொல்றேன்."