ஆறும் வந்தால் ஆறும்

புறங்கையைத்தான் முதலில் வைக்கிறார். படகின் நடுவில் இருக்கும் மரப்பெட்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு மண்டியிடுகிறார். வலது புறங்கை என்ஜினின் ஒவ்வொரு குழாயிலும் ஒரு நொடி பதிந்து எழுகிறது. அப்போது கண்கள் மூடியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளங்கையை ஏன் வைப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "உள்ளங்கை செத்துப்போச்சு டீச்சர். முப்பது வருஷம் ஸ்பானர் புடிச்ச கை. புறங்கைக்குத்தான் இன்னும் உயிர் இருக்கு" என்றார்.

படகுத்துறையில் இந்த மெக்கானிக்குக்குப் பெயரே 'புறங்கை'தான். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் எடுப்பது கிரீஸ் என்பதால் அந்தப் பழி இதுவரை வரவில்லை. சட்டையின் வலது கை முழங்கைவரை மடிந்திருக்கும். இடது கை மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். பேத்திக்கு ஜுரம் வந்தாலும் புறங்கையைத்தான் வைப்பாராம். வீட்டில் தெர்மாமீட்டரை எடுத்தால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தார். நாள் முழுக்கச் சூட்டோடு குடித்தனம் நடத்தும் இந்த மனிதர் டீயை மட்டும் ஆறி அவலாகிப் போன பிறகுதான் குடிப்பார்.

படகு என்ஜின் சூடேறுகிறது என்று யார் வந்தாலும் அவர் பதில் ஒன்றுதான். "சூடுங்கிறது புகார். வியாதி வேற." புகாரைக் கேட்டுக்கொள்வார், ஆனால் புகார் சொல்கிறவரை நம்ப மாட்டார். படகு ஓட்டுகிறவர்களைச் சுத்தமாக நம்ப மாட்டார். "ஓட்டுறவன் வாயைக் கேக்காதே, பைப்பைக் கேளு" என்பது அவருடைய வேதம். அவர்கள் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மறுபடி குழாயைத் தொடப் போய்விடுவார். எனக்கு அவரிடம் பிடிக்காத ஒரே குணம் இது.

கழற்றியதை எல்லாம் எண்ணி வைப்பார். பழைய செய்தித்தாளை விரித்து, போல்ட்டும் நட்டும் கழற்றிய வரிசையிலேயே உட்காரும். எல்லாவற்றையும்விட அதிகமாக எண்ணுவது ரப்பர் துண்டுகளை. ஆற்றுத் தண்ணீரை இழுத்து என்ஜினைக் குளிரவைக்கும் பம்ப்புக்குள் உள்ளங்கை அளவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது. அதற்கு ஆறு இறக்கைகள். அவை தேய்ந்து ஒடிந்தால் தண்ணீர் வராது. புதுச் சக்கரம் போடுவது பத்து நிமிட வேலை. ஒடிந்த துண்டுகளைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. தண்ணீரோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். "ஆறும் வந்தாதான் ஆறும்" என்பார். அந்தச் சிலேடையைக் கேட்டு நான்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அவருக்கு அது சிலேடை இல்லை.

நான் தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற படகு இரண்டு மாதமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகம் கூட்டினால் நடு ஆற்றில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். கணவர் போன பிறகு படகை நடத்துகிற அம்மா கறாரானவர். ஓட்டுகிறவர் அவருடைய கொழுந்தன். அதிகம் பேசாத ஆள். புறங்கை இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மெஷினில் பழுதில்லை என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தை கொழுந்தன் தலையில் விடிந்தது. "நான் விரட்டலை அண்ணி" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். சொல்லிச் சொல்லியே அது யார் காதிலும் ஏறாமல் போயிற்று.

போன சனிக்கிழமை நாற்பது பேரோடு படகு நடு ஆற்றில் நின்று, நீரோட்டத்தில் பாலத்துத் தூண் பக்கம் இழுபட்டது. நானும் அதில் இருந்தேன், பயந்துதான் போனேன். கரைக்கு வந்ததும் அந்த அம்மா சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு மெக்கானிக் கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும், பழுது இல்லையென்றால் திங்கள்கிழமை முதல் வேறு ஆள் ஓட்டுவான் என்றார். "மெஷின்ல குத்தம் இல்லேன்னா மனுஷன்கிட்டதானே குத்தம்?" கொழுந்தன் குனிந்து கயிற்றைக் கட்டினார். பதினெட்டு வருடமாக அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தச் சாவி.

ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கட்டுரைக்காகப் புறங்கையின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று நானும் போயிருந்தேன். அம்மாவிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். படகைக் கயிற்றில் கட்டிப்போட்டபடியே கியரில் தள்ளி முழு வேகம் கொடுத்தார். பின்பக்கம் போய்க் குந்தினார். புகையோடு தண்ணீரையும் துப்புகிற குழாய் அங்கே இருக்கிறது. வேகம் ஏற ஏறப் புகை கூடியது, தண்ணீர் கூடவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. என்ஜினை நிறுத்திச் சாவியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். வடிகட்டியைப் பார்த்தார், சுத்தம். பம்ப்பைத் திறந்தார், சக்கரத்தில் ஆறு இறக்கையும் முழுசாக இருந்தன. கூலர் என்று அவர்கள் சொல்கிற பித்தளை உருளையின் ஒரு முனையில் புறங்கையை வைத்தார். மறு முனையில் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இதைப் போன ரெண்டு தடவையும் நான் திறக்கவே இல்லை" என்றார், என்னிடம் சொல்வதுபோல. "நான் கை வச்ச இடமாச்சே, அங்க என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

மூடியைக் கழற்றினார். உள்ளே தேனடைபோல நுண்ணிய துளைகள். பாதித் துளைகளைப் பாசியும் பொடிச் சிப்பியும் மூடியிருந்தன. அவை எல்லாம் எதையோ பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன. குறடால் அதைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்தார். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. போன வருடம் மழைக்காலத்தில் இதே படகின் பழைய சக்கரம் ஒடிந்தபோது, ஐந்து துண்டுகளை எடுத்துச் செய்தித்தாளில் வைத்துவிட்டு ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் நாற்பது பேர் நனைந்துகொண்டு நின்றோம். "ஓடுதில்ல, விடுங்கண்ணே, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான். தண்ணீரோடு வெளியே போயிருக்கும் என்று முனகிக்கொண்டே அவர் அன்று மூடியை முடுக்கினார்.

அம்மா படித்துறையில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். கொழுந்தன் படகின் முனையில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துண்டைப் பார்த்தது நாங்கள் இருவர்தான். பாசி அடைப்பு என்று சொல்லிவிட்டு அதை ஆற்றில் எறிந்திருக்கலாம். கொழுந்தனும் தப்பித்திருப்பார், இவர் பெயரும் தப்பித்திருக்கும். அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். அதை நான் விரும்பவும் செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதற்குள் அந்தப் பழைய சக்கரம் இருந்தது; ஐந்து இறக்கைகளும் அவை ஒடிந்த இடத்திலேயே நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒரு வருடமாக வைத்திருக்கிறார். கையிலிருந்த துண்டைக் காலி இடத்தில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அம்மா, இப்படி வாங்க" என்றார். அவர் வந்ததும் சக்கரத்தை அவர் கையில் வைத்தார். "அவர் ஓட்டினதுல வந்த சூடு இல்லம்மா. நான் விட்டதுல வந்தது. ரெண்டு தடவை மெஷின் நல்லாருக்குன்னு சொன்னேனே, அதுவும் தப்பு."

அம்மா சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, படகின் முனைவரை நடந்துபோய்க் கொழுந்தனிடம் நீட்டினார். அவர் அதை வாங்கச் சற்று நேரம் பிடித்தது.

கூலரைச் சுத்தம் செய்து மூடியதும் மறுபடி கயிற்றில் கட்டியபடியே முழு வேகம் கொடுத்துப் பார்த்தார்கள். பின்குழாயிலிருந்து தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டியது. நாங்கள் எல்லோரும் புறங்கையைப் பார்த்தோம். அவர் மண்டியிடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓட்டுகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ தொட்டுப் பாத்துச் சொல்லுப்பா" என்றார்.