நான் வாசிக்காத டிரம்ஸுக்கு என் பேர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் யூனிபாரத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பியவன் கல்லூரி நாட்களில் எங்கள் ராக் பேண்டில் கிட்டார் வாசித்தவன். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். ஆள்தான் போயிருக்கிறான், வாய் இன்னும் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை.

"இன்னா மச்சி, எப்டி கீற? நம்ம பாட்ட திரும்ப ரிலீஸ் பண்றேன். சவுண்டெல்லாம் சூப்பரா வந்துக்கீது. டிரம்ஸ் மட்டும் மாத்திட்டேன், கம்ப்யூட்டர்ல. உன்னுது கடைசில ஸ்பீடாயி ஓடிடுதுல்ல, அதான். ஆனா பேரு உன் பேருதான் போட்டுக்கீறேன், பேஜாராவாத. கேட்டுட்டு ஓகே சொல்லு."

பெண் என்றாலும் என்னையும் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

முதலில் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் ஒழுங்காக ரெக்கார்டிங் செய்தது ஒரே ஒரு பாட்டு. நான் டிரம்ஸ் வாசித்தேன் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதிலிருந்து என் கையை எடுத்துவிட்டுப் பேரை மட்டும் விட்டுவைத்திருக்கிறான்.

ராக் டிரம்மர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது எனக்கு அந்தக் காலத்திலிருந்தே ஒரு கிறுக்கு. பாடுகிறவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், அவர் வளர்த்த நாயைப் பற்றிக்கூட ஒரு பத்தி இருக்கும். டிரம்மருக்கு ஒரு வரி. போட்டோவில் ஓரத்தில் நிற்பார். மேடையில் புகைமூட்டத்துக்கும் சிம்பல் தட்டுகளுக்கும் பின்னால் முகமே தெரியாது. பத்து நிமிஷம் தனியாக வெளுத்துக்கட்டி ஸ்டிக்கைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறவர்களுக்காவது கைதட்டல் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் அவர்கள் இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் அடிக்காமல் விடுகிறவர்கள், பாட்டு முழுக்க ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்து ஒரே ஒரு இடத்தில் கையை மாற்றி நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறவர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொல்கிறோம். உப்பு சரியாக விழுந்த பண்டத்தைப் பற்றி ஒரு பழமொழியும் இல்லை.

அப்படிப் படித்ததில் ஒரு வகைக் கதை அடிக்கடி வரும். ரெக்கார்டிங் நாளில் பேண்டின் டிரம்மரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கூலிக்கு ஒருவரை வரவழைத்து வாசிக்க வைப்பார்கள். வாசித்தவர் பேர் ஆல்பத்தின் அட்டையில் இருக்காது. அட்டையில் பேர் இருப்பவர் வாசித்திருக்கமாட்டார். இந்த இரண்டு பேரில் யாருக்காகப் பரிதாபப்படுவது என்று எனக்கு ரொம்ப நாள் புரிந்ததில்லை. அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தபோது புரிந்தது.

நான் டிரம்ஸ் கற்றது திருவள்ளூரில் எங்கள் சர்ச்சில். பாடல் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் துபாய்க்குப் போனதும், ஸ்டிக்கைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். நைனாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. காக்களூரில் ஒரு சின்ன பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். சாவு வீட்டுக்கு மேளம் அடிக்க இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. "அத்த வுட்டொழிச்சிட்டு வர்றதுக்கு எங்கப்பன் எவ்ளோ அடி வாங்கனாரு தெரியுமா? நீ போய் மறுபடி குச்சிய கைல எடுக்கிற" என்றார். இது வேற டிரம்ஸ் நைனா என்றேன். கோபமாகச் சொல்லியிருந்தாலும் அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, நான் வாசித்ததை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை.

அப்புறம் கவரைப்பேட்டைப் பக்கம் இன்ஜினியரிங் படிப்பு, பேண்ட், அந்தப் பாட்டு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. டயர் கடை மாடியில் தெர்மோகோல் ஒட்டிய அறையில் ரெக்கார்டிங். முதலில் டிரம்ஸ் மட்டும் தனியாக. ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தவேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்ததும் பேண்ட் கலைந்தது. அவனவன் ஒவ்வொரு திசைக்குப் போனான். நான் இங்கேயே கும்மிடிப்பூண்டியில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவுக்கு வந்தேன். கவரைப்பேட்டையில் வாடகை வீடு, கூட இரண்டு பெண்கள். நல்ல பெண்கள்தான். எனக்கு டிரம்ஸ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சர்ச்சில் இப்போது கீபோர்டிலேயே தாளமும் வந்துவிடுகிறது. ஸ்டிக் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. அவர்கள் இல்லாத நேரத்தில் தலையணையில் வாசிப்பேன். தலையணை எந்தப் பதிலும் சொல்லாது.

துணியைப் போட்டு முடித்துவிட்டு உள்ளே போய்ப் புதுப் பாட்டைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. கிட்டார் அழகாக இருந்தது, பாடியவன் குரலில் இருந்த கரகரப்புக்கூடப் போய்விட்டது. டிரம்ஸ் பிசிறில்லாமல் இருந்தது. கடைசிப் பகுதி வந்தது. என் கால் தரையில் தட்டியபடி முன்னால் ஓடியது, பாட்டு கூட வரவில்லை. அது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

"அது ஓடலடா. நான்தான் வேணும்னே ஓட்டுனேன்" என்றேன்.

"இன்னாது?"

"கடைசில. தானா ஓடிடுச்சின்னு நெனச்சிக்கினியா? பஸ்ஸு போய்க்கினு கீது, அவன் பின்னாடியே ஓடறான். பாட்டே அதானடா."

"அப்டியா? சொல்லவே இல்ல நீ" என்றான். பிறகு சிரித்தான். "சரி மச்சி, அதெல்லாம் யாரு கவனிக்கப் போறா?"

"யாரும் கவனிக்க மாட்டாங்கன்னா அப்பறம் ஏன்டா மாத்துன?"

"ஐயோ, கோச்சுக்கினியா? எல்லாம் முடிச்சி அனுப்பிட்டேன் மச்சி, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நீதான் டிரம்ஸையே வுட்டுட்டியே. இத்தினி வருசம் கழிச்சி இதுக்கு ஏன் ஃபீல் பண்ற?"

விட்டுவிட்டேன் என்று யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன். தலையணையில் வாசிக்கிறேன் என்றா சொல்வது? அவன் கெட்டவன் இல்லை. கல்லூரியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஹாஸ்டல் கேட்டில் நாஷ்டா வாங்கிவந்து கொடுத்தவன். அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என் பேர எடுத்துடு" என்றேன். "கம்ப்யூட்டர் பேரு போட்டுக்கோ. அதாவது பண்ண முடியுமில்ல?"

"பேரு இருந்தா உனக்கு நல்லதுதான?"

"எடுத்துடு. என் டிராக் மட்டும் வெச்சிக்கீறியா, இல்ல அழிச்சிட்டியா?"

"கீது. அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? வெறும் டொக்கு டொக்குன்னு இருக்கும்."

"அனுப்பு."

அனுப்பினான். அறைத் தோழிகள் புதுத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

கிட்டார் இல்லை, பாட்டு இல்லை. டிரம்ஸ் மட்டும். சில இடங்களில் கை தடுமாறியிருந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம்கூட விழுந்திருந்தது. கடைசிப் பகுதியில் ஓடியிருந்தேன். அவன் சொன்ன அளவுக்கு இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் நிஜமாகவே கொஞ்சம் அதிகமாக ஓடியிருந்தேன். அதைக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த ஆள் பஸ்ஸைப் பிடித்துவிடுவான் என்று தோன்றியது.

கடைசி சிம்பல் அடங்கியது. ஃபைல் முடியவில்லை. மைக்கை யாரும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. ஸ்டூல் கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு பெண்பிள்ளை குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நல்லா வந்துச்சாடா?"

தூரத்தில் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டாருக்கு எந்த ஆம்ப் வைப்பது என்று ஏதோ தகராறு. ஒருவன் டீ சொல்லப் போகிறேன் என்றான்.

"டேய், வந்துச்சா?"

கதவு சாத்தும் சத்தம். சிரிப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். அத்தோடு ஃபைல் முடிந்தது.

"வந்துச்சுடி" என்றேன். "ரொம்ப நல்லா வந்துச்சு."

காதில் இயர்போன் இருந்ததால் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கீழ் வீட்டு அக்கா படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"யார்கூடம்மா பேசிக்கினு கீற?"

"யாரும் இல்லக்கா" என்றேன்.